ராத்தா ஏறினால் மட்டும் வரும் சத்தம்

1. வாயால் செய்து காட்டுகிறவர்கள்

கார் சத்தம் போடுகிறது என்று கராஜுக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்தச் சத்தத்தை வாயால் செய்து காட்டுவார்கள். மௌலவி வந்தாலும் அப்படித்தான், வங்கி மனேஜர் வந்தாலும் அப்படித்தான். 'கிறீச்' என்பவரின் காரில் ரப்பர் காய்ந்திருக்கும். 'கடகட' என்பவரின் காரில் லிங்க் தேய்ந்திருக்கும். மூக்கால் 'ங்ங்ங்' என்று இழுத்தால் வீல் பெயாரிங். நான் கதிரையை விட்டு எழும்பாமலே சொல்லிவிடுவேன். பாலாவிச் சந்தியில் இறங்கி ஹமீது பாஸ் எங்கே என்று கேட்டுப் பாருங்கள், மாடு மேய்க்கிறவனும் வழி காட்டுவான். பள்ளிக்கூடம் என்னை ஐந்தாம் வகுப்புக்கு மேல் கண்டதில்லை. ஆனால் எஞ்சினியர்மார் கொண்டுவந்து நிறுத்திய வண்டிகளையும் நான் திருத்தி அனுப்பியிருக்கிறேன். தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் இதைப் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன், பெருமைக்காக இல்லை. பெருமையும் கொஞ்சம் இருக்கிறது.

ரிஸ்வான் வந்து செய்து காட்டிய சத்தம் 'டொக்'. ஒரே ஒரு 'டொக்', பின்னால் இடது பக்கம். எந்த நேரமும் வருகிறதா என்று கேட்டேன். அவன் வாசல் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"மாமி ஏறினா மட்டும்தான் வருது பாஸ்."

இந்த ரிஸ்வானுக்குப் புத்தளம் டவுனில் போன் கடை. கல்யாணம் முடித்தது கற்பிட்டியில். எங்கள் வழக்கப்படி பெண் வீட்டிலேயே குடியிருக்கிறான். கார் மாமி வாங்கிக் கொடுத்தது. மாமியின் பெயர் சித்தி. ஊரில் எல்லாருக்கும் அவர் மூத்த சகோதரி மாதிரி, அதனால் சித்தி ராத்தா. என்னைவிட வயதில் கொஞ்சம் மூப்பு. நான் காற்சட்டை போட்டுத் திரிந்த காலத்தில் என் தலையில் குட்டியவர். புருஷன் மௌத்தான பிறகு தென்னந்தோட்டம் முழுவதையும் தனியாகப் பார்க்கிறார். தேங்காய் பறிக்கிறவர்கள் மரத்தின் உச்சியில் இருந்தாலும் ராத்தா வருகிறார் என்றால் பீடியை அணைப்பார்கள்.

ராத்தா ஒவ்வொரு வெள்ளியும் ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு புத்தளத்தில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போவார். காரை ஓட்டுவது மருமகன். இந்த 'டொக்' தொடங்கியதிலிருந்து ராத்தாவுக்கு நிம்மதி இல்லை. சக்கரம் கழன்று ரோட்டோரத்து வாவிக்குள் போகப்போகிறது என்று பயம். வருகிற வெள்ளியும் சத்தம் கேட்டால் காரை விற்றுவிட்டு ஒரு த்ரீவீல் எடுத்துத் தருவதாகச் சொல்லிவிட்டாராம்.

"த்ரீவீல்ல நான் கடைக்கிப் போறதா பாஸ்? கூட்டாளிமார் என்னக் கண்டா ஹோர்ன் அடிச்சே கொல்லுவானுகள்."

சத்தம் எப்போதிலிருந்து என்று கேட்டேன். அவன் நெளிந்தான். பிறகுதான் விஷயத்தைச் சொன்னான். நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு காருக்கு முன்னும் பின்னும் ஸ்வே பார் போட்டிருக்கிறான். கம்பனி கார் செய்யும்போது போட்டதைக் கழற்றிவிட்டு, வெளியில் வாங்கிய தடித்த பார். கூட்டாளி வீட்டு முற்றத்தில் வைத்து, போனில் வீடியோ பார்த்துப் பார்த்து இவர்களே பூட்டினார்களாம். மாமிக்குச் சொன்னது சர்விஸுக்குப் போகிறேன் என்று.

"சத்தத்த நிப்பாட்டுங்க பாஸ். ஆனா பார் போட்ட கதைய மட்டும் மாமிக்கிட்ட எடுத்துராதீங்க. அவங்கட காசில வாங்கின காருல கைய வச்சிட்டனெண்டு தெரிஞ்சா த்ரீவீலும் கிடைக்காது."

எடுக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். ஸ்வே பார் என்பது தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் காருக்கு அடியில் குறுக்காகத் தொடுக்கும் வளைந்த கம்பி அது. என் காலத்து ஆட்கள் பாலன்ஸ் பார் என்போம். கார் வளைவில் திரும்பும்போது ஒரு பக்கம் சாய்ந்து விழாமல் பிடித்துக்கொள்வது அதன் வேலை. கம்பி தடித்தால் பிடியும் கூடும். ஆலங்குடாப் பக்கத்து வளைவுகளில் வேகமாகத் திரும்பிக் கூட்டாளிமாருக்குக் காட்டத்தான் இவன் போட்டது.

2. எல்லாம் இறுக்கம்

காரை ஜெக்கில் ஏற்றிப் பார்த்தேன். சிவப்பு நிறத்தில் புதுப் பார், பெருநாள் வளையல் மாதிரி மினுங்கியது. தடித்த பார் போட்ட காரில் சத்தம் வந்தால் பார்க்க வேண்டிய ஒழுங்கு ஒன்று இருக்கிறது. பாரின் நுனியைச் சக்கரப் பக்கத்தோடு பிடிக்கும் லிங்க், முதலில் அது. பழைய லிங்க் கொஞ்சம் தேய்ந்திருந்தாலும் மெல்லிய பாருக்குத் தாங்கும், தடித்த பாருக்குக் காட்டிக்கொடுத்துவிடும். பிடித்து ஆட்டினேன், ஆடவில்லை. அடுத்தது பாரைக் காரின் உடம்போடு அணைத்துப் பிடிக்கும் ரப்பர், அதாவது புஷ். அதன் கிளிப்பை இறுக்கிப் பார்த்தேன், இறுக்கமாகவே இருந்தது. ஷொக், ஸ்பிரிங், ஆர்ம், சைலன்சர் தொங்கும் ரப்பர் எல்லாவற்றையும் கையாலும் லீவராலும் குலுக்கினேன். ஒன்றும் பேசவில்லை.

அடி முழுக்க எண்ணெய் பூசியிருந்தது. அதில் நான் ஆச்சரியப்படவில்லை. இந்தக் கரையில் உப்புக்காற்று ஆணியைக்கூட அவலாக்கிவிடும். வண்டியின் அடியில் பழைய எஞ்சின் எண்ணெய் அடிக்காதவன் இங்கே வண்டி வைத்திருக்க முடியாது.

ஓட்டிப் பார்த்தேன். சிலாபம் பக்கத்திலிருந்து வந்து என்னோடு சக்கர அலைன்மெண்ட் வேலை பார்க்கும் சுனிலும் ஓட்டிப் பார்த்தான். இங்கே ஒரு விஷயம். புது மெக்கானிக்மார் சத்தம் தேடுவதற்கு நேரே ஸ்பீட் பிரேக்கரில் ஏற்றுவார்கள். அங்கே இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும், பார் சும்மா உருண்டு கொடுக்கும், அதற்கு வேலையே இல்லை. ஒரு சக்கரம் மேலே, மற்றது கீழே என்று வந்தால்தான் பார் முறுகும். அதனால் நான் தென்னங்குற்றி ஒன்றைப் போட்டு இடது சக்கரத்தை மட்டும் ஏற்றி இறக்கினேன். மெதுவாகவும் செய்தேன், வேகமாகவும் செய்தேன். கார் ஊமையாகவே இருந்தது.

சுனில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னான். "கார் சரி பாஸ். மாமிதான் பிரச்சினை."

3. ஒன்றரை மூட்டை

கேலியாகச் சொன்னாலும் அதில் வழி இருந்தது. ராத்தா எப்போதும் பின் சீட்டில் இடது பக்கம்தான் உட்காருவார் என்று ரிஸ்வான் சொன்னான். சத்தம் வருவதும் அந்தப் பக்கம். பாரம் ஏறினால் கார் பதியும், பதிந்தால் ஏதோ ஒன்றை இன்னொன்று தொடும். அப்படியென்றால் ராத்தாவை உட்காரவைத்துப் பார்க்க வேண்டும். "மாமி, நீங்க ஏறினாத்தான் சத்தம் வருதாம், கொஞ்சம் ஏறி இருங்க" என்று அவரிடம் போய்ச் சொல்லும் தைரியம் ரிஸ்வானுக்கு இல்லை. எனக்கு இருந்தது. நேரம்தான் இல்லை.

உப்பு விளைகிற புத்தளத்தில் பாரத்துக்கா பஞ்சம். உப்பு மூட்டை எடுப்போம் என்றேன். எத்தனை மூட்டை என்ற கேள்வி வந்தது.

"ரெண்டு," என்றான் சுனில்.

"ஒண்டரை எண்டு வைங்க பாஸ்," என்றான் ரிஸ்வான். "ரெண்டு எண்டு நான் சொன்னது எப்படியாவது வீட்டுக்குப் போய்ச் சேந்துரும்."

அரை மூட்டையை அடியில் கிடத்தி, முழு மூட்டையை அதன் மேல் நிமிர்த்தி வைத்தோம். உப்பு வியர்க்கும் என்பதால் சீட்டுக்குப் பொலித்தீன் விரித்தோம். வளைவில் உருளாமல் சீட் பெல்ட்டும் போட்டுவிட்டோம். வெள்ளிக்கிழமை காலை அது. ரிஸ்வான் ஓட்ட, நான் முன்னால் இருக்க, நுரைச்சோலை வரை போய் வந்தோம். ஆலங்குடாவுக்குத் திரும்பும் வளைவிலும் திருப்பச் சொன்னேன். பையன் நடுரோட்டைப் பிடித்துக்கொண்டு பறந்தான். உப்பு ஒழுக்கமாக உட்கார்ந்திருந்தது. எதிரே மோட்டார் சைக்கிளில் வந்த மீன்காரர் ஒருவர் பின் சீட்டைப் பார்த்து ஸலாம் சொல்லிவிட்டுப் போனார். சத்தம் மட்டும் வரவில்லை.

கராஜுக்குத் திரும்பினால், வாசலில் ஒரு த்ரீவீல் நிற்கிறது. அதிலிருந்து சித்தி ராத்தா இறங்கிக்கொண்டிருக்கிறார். கார் எப்போது வரும் என்று கேட்க நேரிலேயே வந்துவிட்டார். நேரே காருக்கு வந்து பின் கதவைத் திறந்தார். தன் இடத்தில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்த மூட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது ஆரு?"

ரிஸ்வான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தான். இறங்கவில்லை. சுனில் டயர் ஒன்றுக்குப் பின்னால் குனிந்து எதையோ தேடத் தொடங்கினான். ஆகவே நான்தான் சொல்ல வேண்டி வந்தது. "டெஸ்ட் பண்ண வச்ச பாரம் ராத்தா" என்றேன்.

"என்ட பாரமா?"

"ஒரு... உத்தேசத்துக்கு."

ராத்தா மூட்டையைக் கையால் தட்டிப் பார்த்தார். அடியில் கிடந்த அரை மூட்டையையும் அமத்திப் பார்த்தார்.

"கொறச்சிப் போட்டிரிக்கிறீங்க," என்றார். "எறக்குங்க இத. நான் இரிக்கக்குள்ள உப்ப வச்சா பாக்குற? உப்பு என்னத்தக் கண்டிச்சு."

4. ராத்தா ஏறினார்

உப்பு இறங்கியது, ராத்தா ஏறினார். பிஸ்மில்லாஹ் சொன்னார். கார் கற்பிட்டி ரோட்டில் புறப்பட்டது. பாலாவியைத் தாண்டிக் கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை.

"மகன், பஸ் வருது. ஓரம் எடுங்க."

பஸ் அங்கே தீப்பெட்டி அளவில் தெரிந்தது. ரிஸ்வான் மறுபேச்சுப் பேசாமல் இடது பக்கச் சக்கரங்களை ரோட்டை விட்டு மணலில் இறக்கினான். தார் கார்பட் போட்ட பிறகு அந்த ரோட்டின் விளிம்பு மணலைவிட நாலு விரல் உயரம். கார் ஒரு பக்கமாக இறங்கி, பஸ் போன பிறகு மறுபடி ஏறியது. அடுத்தது உப்பு லொறி. ஓரம். அடுத்தது வான். ஓரம். தலையில் தேங்காய் மட்டைக் கட்டோடு சைக்கிளில் ஒரு கிழவர் வந்தார், அவருக்கும் ஓரம். மருமகன் நடுரோட்டில் பறக்கிறவன் என்பது ராத்தாவுக்குத் தெரியாது. ராத்தா இருக்கும்போது அவன் ஓட்டுவது வேறு ஓட்டு.

இன்னொரு பஸ்ஸுக்கு இறங்கி ஏறும்போது வந்தது.

டொக்.

"கேட்டீங்களா ஹமீது?" என்றார் ராத்தா. பயந்த குரல் இல்லை அது. வழக்கு வென்ற குரல்.

எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. நாங்கள் காரில் ராத்தாவின் பாரத்தை ஏற்றினோம், ராத்தாவின் வாயை ஏற்றவில்லை. உப்பு மூட்டை ஒருநாளும் ஓரம் எடு என்று சொல்லாது. தென்னங்குற்றியில் நான் ஏற்றி இறக்கியதும் கொஞ்சத் தரம்தான். இங்கே கற்பிட்டியிலிருந்து புத்தளம் வரை இடது பக்கம் மட்டும் விழுந்து எழும்பிக்கொண்டே போகிறது. அப்படி முறுகி முறுகிப் பார் ஒரு பக்கமாக நகர்ந்தால்? பிறகு ரிஸ்வான் தனியாக நடுரோட்டில் இரண்டு பக்கமும் வளைத்து ஓட்டிக் கராஜுக்குக் கொண்டுவரும்போது அது பழைய இடத்துக்கே திரும்பிவிட்டால், நான் எங்கே கண்டுபிடிப்பது?

காரை நிறுத்தச் சொன்னேன். ஒருவரும் அசையக் கூடாது என்றேன். ராத்தாவிடம் அதைச் சொல்லவே தேவை இருக்கவில்லை.

"நான் எறங்கவே மாட்டன். நான் எறங்கினா சத்தமும் என்னோட எறங்கிப் போயிரும், பொறகு ஆர்ர பேச்சு எடுபடும்?"

நான் போன் லைட்டைப் பிடித்துக்கொண்டு பின் பக்கமாக மணலில் படுத்தேன். என் வயிற்றுக்கும் காருக்கும் இடையில் அதிக இடம் இல்லை, ஆனாலும் தலை போனது. பார்த்தேன். நான் நினைத்தது நினைத்தபடி இருந்தது. சிவப்புப் பார் முழுவதும் இடது பக்கமாக நகர்ந்து, அதன் வளைவு சக்கரத்தைத் தாங்கும் ஆர்மைத் தொட்டுக்கொண்டு நின்றது. தொட்ட இடத்தில் பெயிண்ட் போய் இரும்பு பளிச்சென்று இருந்தது. பாரைக் கையால் பிடித்தேன். மீன் பொரித்த தாச்சி மாதிரி வழுக்கியது. புதுக் கம்பி கறல் பிடித்துவிடும் என்று பயந்து இந்தப் பையன் வாரா வாரம் எண்ணெய் அடித்திருக்கிறான். அடியில் அடித்ததோடு நிற்காமல் புஷ்ஷுக்குள்ளும் போத்தலைக் கவிழ்த்திருக்கிறான். அடியில் எண்ணெய் அடி என்று இந்தக் கரைக்கே சொல்லிக் கொடுத்தவன் நான்தான். பிடிக்கிற ரப்பருக்குக் குடிக்கக் கொடு என்று நான் சொன்னதில்லை.

வெளியே வரத் திரும்பினால், பக்கத்தில் இன்னொரு முகம். ராத்தா கதவைத் திறந்து, சீட்டில் இருந்தபடியே தலையைக் கீழே விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தச் செவப்பு என்ன?"

"காருக்கு உள்ள கம்பிதான் ராத்தா."

"நான் இந்தக் கார வாங்கக்குள்ள குனிஞ்சு பாத்துத்தான் வாங்கின. அப்ப அது கறுப்பு."

காருக்குக் கீழே நான் வாயை மூடிக்கொண்டேன். வாக்குக் கொடுத்தவன். மேலே காருக்குள் ரிஸ்வான் வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாவி உதவவில்லை.

"நான்தான் மாத்தினன் மாமி," என்றான் கடைசியில். "வளைவுல கார் சாயாம இரிக்கிறதுக்கு."

"எப்ப?"

"பெருநாள் முடிஞ்சு."

ராத்தா சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் மணலைத் தட்டிக்கொண்டு எழும்பினேன். ரிஸ்வான் மனதுக்குள் த்ரீவீலுக்கு நிறம் தெரிவு செய்துகொண்டிருந்திருப்பான். அவன் முகம் அப்படித்தான் இருந்தது.

"அதான்," என்றார் ராத்தா மெதுவாக. "பெருநாளைக்குப் பொறகு என்ட வட்டிலப்பம் ஒரு நாளும் சிந்தல்ல. முந்தி ஒவ்வொரு வளைவுலயும் பாணி மடியில ஊத்தும், தங்கச்சிட வாசல்ல நான் ஈரச் சீலையோட நிப்பன். நான் நெனச்சன், நீங்க ஓட்டப் பழகிட்டீங்கண்டு."

ராத்தா மடியில் ஒரு ஏனம் நிறைய, தேங்காய்ப்பாலும் முட்டையும் கருப்பட்டியும் சேர்த்து அவித்த வட்டிலப்பத்தோடுதான் தங்கச்சி வீட்டுக்குப் போவார் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். ரிஸ்வானின் ஓட்டுக்குக் கிடைத்திருந்த நல்ல பெயர் அதோடு போனது.

5. மிஞ்சிய சாமான்

பார் பக்கவாட்டில் நகராமல் இருப்பதற்குப் புஷ்ஷை ஒட்டி இரண்டு பக்கமும் ஒவ்வொரு இரும்பு வளையம் பூட்ட வேண்டும். இப்படி வெளியில் வாங்கும் பாரோடு பெட்டிக்குள்ளேயே அது வரும். இவனுடைய காரில் பின்னுக்கு அது இல்லை, கராஜில் அந்த எண்ணெய்ப் பூச்சுக்குள் அதை நானும் கவனிக்கத் தவறிவிட்டேன். பெட்டியில் இரண்டு வளையம் இருக்கவில்லையா என்று கேட்டேன்.

"இருந்திச்சு பாஸ். பூட்டி முடிய மிஞ்சிச்சு."

"மிஞ்சுற சாமானெண்டு ஒண்டு தொழில்ல இல்ல தம்பி. அது எங்க இப்ப?"

அவன் யோசித்தான். ராத்தா யோசிக்கவில்லை.

"என்ட கோழிக்கூட்டுக் கதவுல தொங்குது. கதவு தானா சாத்துறதுக்குப் பாரம் தேடினன், நீங்கதானே மகன் கொண்டுவந்து தந்தீங்க, ஜப்பான் இரும்பெண்டு."

கற்பிட்டிக்குப் போய்க் கோழிக்கூட்டிலிருந்து வளையங்களைக் கழற்றினோம். அந்த இடத்தில் நான் லொறி நட் இரண்டைத் தொங்கவிட்டேன், கதவு முன்னைவிட நன்றாகச் சாத்துகிறது. கராஜுக்கு வந்து புஷ்ஷைக் கழற்றி, சவர்க்காரத் தண்ணீரால் எண்ணெய் போகக் கழுவி, அந்த வகை புஷ்ஷுக்கென்றே இருக்கும் கிரீஸை உள்ளே தடவி, பாரை நடுவுக்குக் கொண்டுவந்து வளையங்களை இறுக்கினேன். சக்கரம் நிலத்தில் பதிந்து நிற்கும்போதுதான் லிங்க் நட்டைக் கடைசி இறுக்கு இறுக்க வேண்டும், தொங்கும்போது இறுக்கக் கூடாது. அதையும் சரிபார்த்தேன். பிள்ளைகள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஜும்ஆ முடிந்து, ராத்தா கற்பிட்டியிலிருந்து கையோடு எடுத்துவந்த ஏனத்தை மடியில் வைத்துக்கொண்டு ஏறினார். நானும் ஏறினேன். ஒரு வேலையை முடித்தேன் என்று நான் சொல்வது, முறைப்பாடு சொன்னவர் முடிந்தது என்று சொன்ன பிறகுதான். புத்தளம் வரை பஸ், லொறி, வான், ஆடு எல்லாவற்றுக்கும் ஓரம் எடுத்தோம். காருக்குள் ராத்தாவின் குரலைத் தவிர வேறு சத்தம் இல்லை. தங்கச்சி வீட்டு வாசலில் இறங்கி, ஏனத்தின் மூடியைத் திறந்து பார்த்தார். மூடினார். பிறகு மருமகனைப் பார்த்தார்.

"கார் நிக்கட்டும். த்ரீவீல்ல வட்டிலப்பம் நிக்காது. ஆனா இனிமேக் காருல கைய வச்சா எனக்குச் சொல்லிட்டு வைங்க. அந்த எண்ணெய்ப் போத்தல ஹமீதுட கராஜுல குடுத்துருங்க."

ரிஸ்வான் தலையை ஆட்டிய ஆட்டில், அவனுக்கும் ஒரு ஸ்வே பார் போட்டால் நல்லது என்று எனக்குத் தோன்றியது.

இதிலிருந்து தொழில் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். சத்தம் வண்டியில் பாதி, வண்டிக்குள் இருப்பவர்களில் பாதி. முறைப்பாடு சொல்கிறவரை அவர் இருக்கிற இடத்திலேயே இருத்தி, அவர் போகிற ரோட்டில், அவர் ஓட்டச் சொல்கிற மாதிரி ஓட்டிப் பாருங்கள். அவர் என்ன பாரம் என்பதைவிட, ஓட்டுகிறவனை அவர் என்ன செய்ய வைக்கிறார் என்பதைப் பாருங்கள். இது எந்தப் புத்தகத்திலும் இல்லை. நான் எந்தப் புத்தகத்தையும் பார்க்கவில்லை, ஆனால் இல்லை என்பது எனக்குத் தெரியும்.